கூப்பிடாத வீட்டைக் குறை சொல்லாதே!



சாரணர் படையாகட்டும், விளையாட்டு மன்றமாகட்டும், மாலை நேரப் படிப்பு வகுப்பாகட்டும், அந்தமானில் பிள்ளைகளுக்காக நடக்கும் எந்த ஸ்தாபனத்தின் கூட்டத்துக்குப் போனாலும் ஒரு வாக்கியம் தவறாமல் நம் காதில் விழுகிறது. "இந்தக் கூலிக்கார ஜனங்களுக்குப் பிள்ளைகள் விஷயத்தில் அக்கறையே கிடையாது. நோட்டீஸ் அனுப்பினோம், ஒருவரும் வரவில்லை" என்பதுதான் அது. சொல்கிறவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்கிறார். கேட்கிறவர்கள் தலையை ஆட்டுகிறார்கள். தேநீர் வருகிறது. தீர்மானம் நிறைவேறுகிறது. கூட்டம் கலைகிறது.

அந்த வாக்கியத்தை இன்று நாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம்.

தண்டவாளமே இல்லாத தீவைப் பற்றி ரயில்வே குமாஸ்தாக்களுக்கு என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவே ஒரு சாலைதான் தூரம். ராமநாதபுரத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கி, மூன்று நாள் கப்பல் பயணத்துக்காகக் காத்து நின்ற குடும்பங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவர்கள் நாம். சங்க வேலையாகத் தீவுக்குப் போய், போர்ட் பிளேர் நகரத்தில், அதாவது 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட அதே நகரத்தில், மேடும் பள்ளமுமாக வீடு வீடாய் ஏறி இறங்கியவர்களும் நாமே. ஆகவே பேசும் உரிமை நமக்கு உண்டு.

யாருக்கு அக்கறை இல்லை?

அக்கறை இல்லாதவன் என்று யாரைச் சொல்கிறார்கள்? ஊரில் வானம் பார்த்த பூமியை விட்டுவிட்டு, ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கடல் தாண்டி வந்து, டி.ஆர்.எம். என்ற மூன்றெழுத்துப் பட்டத்தோடு சர்க்கார் தினக்கூலியாக ரோடு போடுகிறானே, அவனையா? ஜங்கிலிகாட்டில் விடியுமுன் மீன் கூடையோடு நின்றுவிட்டு, பகலில் இரண்டு வீட்டில் பாத்திரம் துலக்கி, இரவில் பிள்ளையின் பாடப் புத்தகத்துக்கு அட்டை போடுகிறாளே, அவளையா? இவர்கள் கடல் தாண்டியதே பிள்ளைகளுக்காகத்தான். அக்கறை இல்லாதவன் ஊரிலேயே இருந்திருப்பான்.

நமக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்கு, ஒரு பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் வந்தது. தகப்பனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். தாய்க்கு அதுவும் வராது. பையனைப் படிக்கச் சொன்னார்கள். "ஒன்றுமில்லை, லீவு விஷயம்" என்று பையன் சொல்லிவிட்டான். அது லீவு விஷயம் அல்ல. சாரணர் படையில் சேர்வதற்குப் பெற்றோர் கையெழுத்து கேட்ட கடிதம். சீருடைக்குப் பணம் என்று அதில் ஒரு வரி இருந்தது. அப்பாவின் கையில் அந்த வாரம் காசு இல்லை என்பது பதினொரு வயதுப் பையனுக்குத் தெரிந்திருந்தது. அவன் தகப்பனைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றினான். பள்ளியின் கணக்கிலோ, அந்தக் குடும்பம் அக்கறை இல்லாத குடும்பம்!

தோழர்களே, அக்கறை யாரிடம் இருந்தது, யாரிடம் இல்லை என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

எல்லோரும் சிறுபான்மை

இது தமிழ்க் குடும்பங்களின் கதை மட்டுமல்ல. இந்தத் தீவுகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். நிக்கோபாரியர், ஓங்கே, ஜாரவா முதலான ஆதிக்குடிகளே இம்மண்ணின் சொந்தக்காரர்கள். மற்ற அத்தனை பேரும் கப்பலில் வந்தவர்கள். 1858-இல் வெள்ளையன் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கினான். கைதிகளின் பிள்ளைகளே இன்றைய பழைய 'லோக்கல்' குடும்பங்கள். 1918 முதல் காடு வெட்டச் சோட்டாநாகபுரி ஆதிவாசிகள் வந்தார்கள். அவர்களை நாம் 'ராஞ்சி' என்கிறோம். 1921 மாப்பிள்ளைக் கலகத்துக்குப் பின் மலபார்க்காரர்கள் நாடு கடத்தப்பட்டு வந்தார்கள். 1925-இல் பர்மாவிலிருந்து கரேன் மக்கள் வந்தார்கள். 1949 முதல் கிழக்கு வங்காள அகதிகள் வந்தார்கள். ஆந்திரக் கடற்கரையிலிருந்து தெலுங்கு மீனவர்களும், தென்பாண்டிச் சீமையிலிருந்து நாமும் பிழைப்புத் தேடி வந்தோம்.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தீவுகளில் 3,80,581 பேர். நூறு பேரை நிறுத்தினால் வங்காளம் தாய்மொழி சுமார் 28 பேருக்கு, இந்தி 19 பேருக்கு, தமிழ் 15 பேருக்கு, தெலுங்கு 13 பேருக்கு. நிக்கோபாரியும் மலையாளமும் ஏழு எட்டுப் பேருக்கு. அதாவது இங்கே எந்த மொழிக்காரனும் பெரும்பான்மை இல்லை. எல்லோரும் சிறுபான்மை! ஒருவன் வீட்டுக்காரன், மற்றவன் விருந்தாளி என்று நகரத்தில் எவனும் மார் தட்ட முடியாது.

சர்க்கார் பள்ளிகளில் தமிழ், தெலுங்கு, வங்காளம், இந்தி, ஆங்கிலம் என்று பல பயிற்றுமொழிகள் நடந்து வந்திருக்கின்றன. பாடம் சொல்லத் தாய்மொழி வேண்டும் என்று ஏற்றுக்கொண்டவர்களுக்கு, பள்ளி மணி அடித்த பிறகு மட்டும் அது ஏன் மறந்து போகிறது? பகலில் ஐந்து மொழி. மாலையில் மன்றத்தின் நோட்டீஸ் மட்டும் ஆங்கிலம், மிஞ்சிப்போனால் இந்தியா?

ராஞ்சிக் குடும்பங்களின் நிலை நம்மிலும் மோசம். சொந்த மாநிலத்தில் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்களுக்கு இங்கே அந்தத் தகுதி இல்லை. அவர்கள் வீட்டில் பேசும் சாத்ரி மொழியில் ஒரு நோட்டீஸாவது எவராவது வாசித்துக் காட்டியதுண்டா?

மூடிய கதவுக்கு நான்கு தாழ்ப்பாள்

முதல் தாழ்ப்பாள் மொழி. அதைப் பார்த்தோம்.

இரண்டாவது தாழ்ப்பாள் நேரம். நம் தேசம் முழுவதற்கும் ஒரே கடிகாரம். தீவோ கிழக்கே தள்ளிக் கிடக்கிறது. சென்னையை விட முக்கால் மணிக்கு மேலாகவே முன்னதாகப் பொழுது சாய்கிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். மெயின்லேண்டில் ஐந்து மணிக்குப் பிள்ளைகள் மைதானத்துக்குப் போவார்கள். இங்கே ஐந்து மணிக்கு இருட்டு. மேட்டுப் பாதையில், விளக்கில்லாத திருப்பத்தில், பன்னிரண்டு வயது மகளைத் தனியே நடந்து வர விடுவதற்கு எந்தத் தாய் சம்மதிப்பாள்? காரோ ஸ்கூட்டரோ வைத்திருக்கும் உத்தியோகஸ்தர் வீட்டுப் பெண் வருகிறாள். டி.ஆர்.எம். வீட்டுப் பெண் வருவதில்லை. இதற்குப் பெயர் அக்கறையின்மையா? பெற்றோர் கூட்டத்தை வேலை நாளில் பகல் மூன்று மணிக்கு வைக்கிறார்கள். தினக்கூலிக்காரன் அந்தக் கூட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலி போகும். மாதச் சம்பளக்காரனுக்கோ ஒரு பர்மிஷன் போதும். யாருக்காக வைத்த நேரம் இது?

மூன்றாவது தாழ்ப்பாள் காசு. சீருடை, ஸ்கார்ஃப், பெல்ட், முகாம் கட்டணம் என்று எல்லாம் சிறு தொகைதான் என்பார்கள். மாதச் சம்பளம் வாங்குகிறவனுக்குச் சிறு தொகை. மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் கூலி இல்லை என்று வாழ்கிறவனுக்கு அது அரிசிப் பணம். இந்தத் தீவில் மே முதல் டிசம்பர் வரை மழை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர். எத்தனை நாள் கூலி அதில் கரைகிறது என்று கமிட்டிக்காரர்கள் எண்ணிப் பார்த்ததுண்டா?

நான்காவது தாழ்ப்பாள்தான் மிகப் பெரியது. கமிட்டி! தலைவர் ஓர் அதிகாரி. காரியதரிசி ஓர் அதிகாரி. பொருளாளர் ஒரு கடை முதலாளி. உறுப்பினர்கள் அவர்களுடைய சிநேகிதர்கள். மீன் விற்கும் தாய் ஒருத்தி அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தால், "மூன்று மணிக்குக் கூட்டமா? அது ஐஸ் பெட்டி வருகிற நேரமாச்சே!" என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பாள். அவளை உட்கார வைக்காமல், அவள் ஏன் வரவில்லை என்று ஆராய்ச்சி பண்ணுகிறார்கள்!

விளையாட்டுச் சமாசாரம் அல்ல, சோற்றுச் சமாசாரம்

"போகட்டுமே, கயிற்றில் முடிச்சுப் போடக் கற்றுக்கொள்ளாவிட்டால் பிள்ளை கெட்டுவிடுமா?" என்று நம் ஆட்களே சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு நம் இலாகாச் செய்தி ஒன்றைச் சொல்கிறோம். ரயில்வேயில் விளையாட்டுக்காரர்களுக்குக் கோட்டா இருப்பது பலருக்குத் தெரியும். சாரணர், சாரணியருக்கும் தனியே கோட்டா இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அதற்கு ராஷ்ட்ரபதி விருது போன்ற உயர்ந்த தகுதி வேண்டும். தொடர்ந்து ஆண்டுக்கணக்கில் படையில் இருந்திருக்க வேண்டும். தேசிய அளவிலான முகாம்களில் கலந்துகொண்டிருக்க வேண்டும். அந்த விருதோ ஒரே நாளில் வருவதல்ல. பிரவேஷ், பிரதம சோபான், த்விதீய சோபான், திரிதீய சோபான், ராஜ்ய புரஸ்கார் என்று படிப்படியாக ஏற வேண்டும். பத்துப் பதினொரு வயதில் முதல் படியில் கால் வைத்தவனே பதினேழு வயதுக்குள் உச்சிக்குப் போக முடியும்.

இப்போது அந்த ஆங்கிலக் கடிதத்தை நினைத்துப் பாருங்கள். பதினொரு வயதில் மடித்து வைக்கப்பட்ட அந்தக் காகிதம், இருபது வயதில் மூடப்பட்ட ஒரு வேலைக் கதவு. அதிகாரி வீட்டுப் பிள்ளைக்கு இது தெரியும், அவன் தகப்பனுக்குத் தெரியும். தெரிய வேண்டிய நமக்குத்தான் யாரும் சொல்வதில்லை.

தேடிப் போனால் கிடைப்பார்கள் என்பதற்கு இந்தத் தீவே சாட்சி. 2004 டிசம்பர் 26 சுனாமியில் ஒன்பது வயதில் உயிர் தப்பிய நிக்கோபார்ப் பெண் தேபோரா ஹெரால்டு, இந்தியாவின் முன்னணி சைக்கிள் பந்தய வீராங்கனையானார். நிக்கோபார் இளைஞர் ஈசோ ஆல்பன் 2018-இல் உலக ஜூனியர் சைக்கிள் பந்தயத்தில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். அதற்கு முன் எந்த இந்தியரும் அந்தப் போட்டியில் பதக்கம் வாங்கியதில்லை. 2019-இல் அவரும் மணிப்பூர் இளைஞர் இருவரும் சேர்ந்து ஜெர்மனியில் அணிப் போட்டியில் தங்கம் வென்றார்கள். நிக்கோபாரில் பிறந்தவனும் மணிப்பூரில் பிறந்தவனும் ஒருவன் பின்னால் ஒருவன் மிதித்து உலகத்தை ஜெயிக்க முடிகிறது. ஒரே பஸ்தியில் அடுத்தடுத்த வீட்டில் இருக்கும் தமிழ்ப் பிள்ளையும் வங்காளிப் பிள்ளையும் ஒரே மைதானத்தில் பந்து உதைக்க முடியாதா?

நம்மவர் சொல்லும் சாக்குகள்

அதிகாரிகளைக் கேட்டது போலவே நம்மவர்களையும் கேட்டாக வேண்டும். நியாயத்துக்கு இரண்டு படிக்கல் கிடையாது.

சிலர் சொல்கிறார்கள்: "நம் பணத்தில் நாம் கட்டிய மண்டபம். இதில் ராஞ்சிப் பிள்ளைக்கும் தெலுங்குப் பிள்ளைக்கும் என்ன வேலை?" சரி ஐயா. அவரவர் மண்டபத்தில் அவரவர் பிள்ளை என்றே வைத்துக்கொள்வோம். கணக்குப் போடுங்கள். ஒரு பஸ்தியில் கால்பந்து ஆடும் வயதில் நமக்கு ஆறு பிள்ளைகள், வங்காளிகளுக்கு எட்டு, தெலுங்கருக்கு ஐந்து, ராஞ்சிக்கு நான்கு. நான்கு மண்டபம், நான்கு கமிட்டி, நான்கு ரசீதுப் புத்தகம். பதினொரு பேர் கொண்ட அணி ஒன்றுகூட இல்லை! சேர்ந்தால் இரண்டு அணி, ஒருவருக்கொருவர் ஆடலாம். மண்டபமோ கல்யாணம் இல்லாத நாளெல்லாம் பூட்டிக் கிடக்கிறது. பூட்டுக்கு மட்டும் ஜாதி மதம் மொழி எல்லாம் தெரிகிறது.

வேறு சிலர் சொல்கிறார்கள்: "கலந்து பழகினால் பிள்ளை தமிழை மறந்துவிடும்." தோழர்களே, தெருவில் இறங்கிப் பாருங்கள். பிள்ளைகள் ஏற்கெனவே கலந்துதான் ஆடுகிறார்கள். அந்தமான் இந்தியில் சண்டை போட்டு, அதே இந்தியில் சமாதானமும் ஆகிறார்கள். தமிழ் தேய்வது வங்காளிச் சிநேகிதனால் அல்ல. தமிழில் படிக்க ஒரு புத்தகமும், தமிழில் கதை சொல்ல ஒரு மனிதரும், அதற்கு ஒரு கூரையும் இல்லாததால் தேய்கிறது. அரை மணி நேரம் அவரவர் தாய்மொழியில் வாசிப்பு, அடுத்த ஒரு மணி நேரம் எல்லோரும் சேர்ந்து விளையாட்டு என்று வைத்தால் இரண்டும் பிழைக்கும். தன் மொழியைப் படிக்கிறவனுக்கு அடுத்தவன் மொழி பயம் காட்டாது.

இன்னும் சிலர் சிங்கப்பூரைக் காட்டுகிறார்கள். "அங்கே மலாய்க்காரருக்கு மெண்டாக்கி, இந்தியருக்கு சிண்டா, சீனருக்கு ஒன்று என்று தனித்தனியாக நடத்துகிறார்களே?" என்கிறார்கள். உண்மை. 1982-இல் மெண்டாக்கி, 1991-இல் சிண்டா, 1992-இல் சீனர் சபை என்று வந்தன. தம் இனத்துப் பிள்ளையைத் தேடிப் போய்ப் பிடித்ததில் அவை செய்த நல்லதை மறுக்கவில்லை. ஆனால் கதையை முழுதாகச் சொல்லுங்கள். பின்னாளில் அந்த அமைப்புகளே ஒன்றுகூடிப் பள்ளி முடிந்த பிள்ளைகளுக்கான பராமரிப்பு நிலையங்களைப் பொதுவாக நடத்த முன்வந்தன. தனித்தனியே தேடு, ஒன்றாக உட்கார வை! அதுதான் பாடம்.

கச்சாலை நினைத்துப் பாருங்கள். 1964 ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து பெயர்க்கப்பட்ட நம் மக்களில் சில குடும்பங்களை 1970-களில் அந்த நிக்கோபார்த் தீவின் ரப்பர் தோட்டத்தில் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். அங்கே வீட்டுக்காரர் நிக்கோபாரியர், விருந்தாளி நாம். 2004-இல் கடல் பொங்கி வந்தபோது அது தமிழன் வீடு, நிக்கோபாரி வீடு என்று பார்த்து வரவில்லை. அங்கே நம் பிள்ளைகளை அவர்கள் தம் மைதானத்தில் சேர்க்க வேண்டும் என்று கேட்கிற நாம், நகரத்து மண்டபத்தில் ராஞ்சிப் பிள்ளையை வாசலில் நிறுத்தலாமா?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தீவில் வேலை குறைகிறபோதெல்லாம் 'லோக்கல்', 'மெயின்லேண்டர்' என்ற பேச்சு எழுகிறது. தகப்பன்மார்கள் சான்றிதழுக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைகிறார்கள். அந்தப் பேச்சு நாளைக்குக் கைகலப்பாக மாறாமல் தடுப்பது எது? போலீஸா? இல்லை. பத்து வயதில் ஒரே கூடாரத்தில் படுத்து ஒரே சட்டியில் சமைத்துத் தின்றவர்கள், இருபது வயதில் ஒருவன் மண்டையை ஒருவன் உடைக்க யோசிப்பார்கள். கூலி வெட்டினால் சேர்ந்து கேட்பார்கள். அதனால்தான் இந்த விஷயம் சங்கத்தின் விஷயம்.

செய்தவர்கள் இருக்கிறார்கள்

முடியாத காரியத்தை நாம் சொல்லவில்லை. 1916-இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரும் ஜார்ஜ் அருண்டேலும் இந்தியப் பிள்ளைகளுக்கென்று சாரணர் சங்கம் தொடங்கினார்களே, ஏன்? வெள்ளைக்காரன் நடத்திய படையில் இந்தியப் பையனுக்கு இடம் இல்லை. அவர்கள் தொப்பிக்குப் பதில் தலைப்பாகை கட்டினார்கள்; இந்தியப் பாட்டுப் பாடினார்கள். பிள்ளைகள் வந்தார்கள். பல கிளைகள் ஒன்றாகி 1950 நவம்பரில் இன்றைய பாரத சாரணர் அமைப்பு உருவாயிற்று. அதாவது, வாசலை மாற்றியதால் வீடு நிறைந்தது. அந்த இயக்கத்தின் பெயரால் இன்று வாசலைப் பூட்டுகிறவர்கள் தம் சொந்தச் சரித்திரத்தைப் படிக்கட்டும்.

கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017-இல் 'ரோஷ்னி' என்ற திட்டம் வந்தது. ஒரியாவும் வங்காளமும் இந்தியும் பேசும் வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக வந்த திட்டம். அந்தப் பிள்ளைகளின் மொழி தெரிந்த தொண்டர்களை வைத்தார்கள். பள்ளி தொடங்குமுன் காலையில் வகுப்பு வைத்தார்கள். காலைச் சாப்பாடும் போட்டார்கள். அந்த மாநிலத்தில் அவர்கள் வந்தேறிகள்; தீவில் நாம் வந்தேறிகள். அவர்களுக்குச் செய்ய முடிந்தது நமக்கு ஏன் முடியாது? அதே மூச்சில் கேட்கிறோம்: நம் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வந்திருக்கும் பீகார்த் தொழிலாளியின் பிள்ளைக்கு நாம் என்ன செய்கிறோம்? தீவில் கேட்கும் நியாயத்தைத் திருப்பூரில் மறுக்க முடியாது.

தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. பெயரே பாடம் சொல்கிறது. தொற்றுநோய்க் காலத்தில் படிப்பு விட்டுப்போன பிள்ளைகளுக்காக, அந்தந்தத் தெருவிலேயே, தெரிந்த அக்காவே தொண்டராக வந்து மாலையில் வகுப்பு எடுத்தார். நடை தூரம், தெரிந்த முகம், தெரிந்த மொழி. இம்மூன்றும் இருந்தால் எந்தத் தாயும் பிள்ளையைத் தடுக்கமாட்டாள்.

நாம் வைக்கும் வேலைத் திட்டம்

ஆகவே, வாய்ப்பேச்சை நிறுத்தி, பஸ்திதோறும் கீழ்க்கண்ட வேலைகளைத் தொடங்க வேண்டும் என்று எல்லா மொழித் தோழர்களையும் அழைக்கிறோம்.

1. நோட்டீஸ் போதாது, நேரில் போக வேண்டும். ஒரு வீட்டுக்கு இரண்டு முறை போக வேண்டும். முதல் முறை கேட்பதற்கு, இரண்டாம் முறை அழைப்பதற்கு. தெலுங்கு வீட்டுக்குத் தெலுங்கு பேசும் அம்மாவும், ராஞ்சி வீட்டுக்குச் சாத்ரி பேசும் தோழரும் உடன் வர வேண்டும். எழுத்துத் தெரியாத வீட்டில் வாசித்துக் காட்ட வேண்டும்.

2. கமிட்டியில் பஸ்தியின் ஒவ்வொரு மொழிக் குடும்பத்துக்கும் ஓர் இடம். மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் தாய்மார்கள். கூட்டம் ஞாயிறன்று, கூலி போகாத நேரத்தில்.

3. நேரத்தைச் சூரியனைப் பார்த்து வைப்பது. ஞாயிறு காலையில் வெளியாட்டம். மற்ற நாள் மாலையில் கூரைக்கு அடியில், நடை தூரத்தில் வாசிப்பும் உள்ளாட்டமும். முடிந்ததும் பெரியவர் இருவர் பிள்ளைகளைக் கூட்டமாக அழைத்துப் போய் வீட்டு வாசலில் விட வேண்டும். பெண் பிள்ளைகள் வருவதும் வராததும் இந்த ஓர் ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

4. சீருடைப் பெட்டி. வளர்ந்த பிள்ளையின் சட்டையும் ஸ்கார்ஃபும் துவைத்துப் பெட்டிக்கு வர வேண்டும். அடுத்த பிள்ளைக்குப் போக வேண்டும். இல்லாதவன் யார் என்று கூட்டத்தில் கேட்கக்கூடாது. எல்லோரும் பெட்டியிலிருந்தே எடுக்கட்டும், எவனுக்கும் தலைகுனிவில்லை.

5. சுண்டலோ வாழைப்பழமோ, எந்த மதத்துப் பிள்ளையும் தயங்காமல் தின்னக்கூடிய ஏதாவது ஒன்று. பசித்த பிள்ளை பாடமும் கேட்காது, பந்தும் உதைக்காது.

6. பண்டிகைகளைச் சேர்ந்து நடத்துவது. ஆனால் ஓர் எச்சரிக்கை! பொங்கலன்று ஒரு வங்காளிச் சிறுமியை மேடையேற்றி ஆட வைத்து, படம் பிடித்துக்கொண்டு, மறுநாள் மறந்துவிடுவது ஒற்றுமை அல்ல, அது கண்காட்சி. அவள் தாய் கமிட்டியில் உட்கார்ந்து கணக்குக் கேட்கும்போதுதான் அது ஒற்றுமை.

நிர்வாகத்திடம் நாம் வைக்கும் கோரிக்கைகளும் உண்டு. பள்ளி நேரம் முடிந்தபின் வகுப்பறைகளையும் மைதானங்களையும் பஸ்திக் கமிட்டிகளுக்குத் திறந்துவிடு! மேட்டுப் பாதைகளில் விளக்குப் போடு! சாரணர் படை, என்.சி.சி., என்.எஸ்.எஸ். படிவங்களையும் பெற்றோருக்கான கடிதங்களையும் பிள்ளையின் பயிற்றுமொழியிலும் கொடு! வேலைக்குப் பயன்படும் சான்றிதழ் எது, எந்த வயதில் சேர வேண்டும் என்று ஒவ்வொரு பள்ளிச் சுவரிலும் எல்லா மொழிகளிலும் எழுதிப் போடு! இதில் கோடி ரூபாய்ச் செலவு எதுவும் இல்லை. சாவிக்கும் பெயிண்டுக்கும் பல்புக்கும் ஆகிற செலவுதான்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளையின் புத்தகப் பையில் மடித்து வைத்த காகிதம் இருந்தால், இன்றிரவே எடுத்துப் பாருங்கள். படிக்க வரவில்லையென்றால் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். எந்த மொழியில் இருந்தாலும் படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது. பக்கத்து வீட்டு வங்காளி அக்காவிடமும், மேட்டு வீட்டு ராஞ்சித் தங்கையிடமும் அப்படி ஒரு காகிதம் இருந்தால், அதையும் சேர்த்து வாங்கி வாருங்கள். அவர்கள் கூச்சப்பட்டால் நீங்களே கையைப் பிடித்து அழைத்து வாருங்கள்.

நோட்டீஸ் ஒட்டிவிட்டோம் என்று கையைத் துடைத்துக்கொள்ளும் கனவான்களுக்குக் கடைசியாக ஒன்று. சுவருக்கு நோட்டீஸ் ஒட்டலாம். மனிதனைக் கூப்பிடத்தான் வேண்டும். கூப்பிட்டுப் பாருங்கள், அப்புறம் அக்கறையைப் பற்றிப் பேசுவோம்!